ஒரு கிராமுக்கு

அல்வாக் கடை டப்பாவில் கொண்டுவந்தாள் சுந்தரவல்லி.
மூடியில் கடைப்பெயர். உள்ளே
புளியங்கொட்டை அளவில் கறுத்த புழுக்கைகள்.
"பொட்டக்குட்டியோடது மேடம். கூடவே நின்னு
விழ விழ எடுத்தேன். சூடு ஆறல."

தல்லாகுளம் ஆய்வகத்தில் அன்று மின்சாரம் வந்து வந்து போனது.
பதிவேட்டில் இனம் என்ற கட்டத்துக்கு
மாடு, ஆடு, கோழி, நாய் என்று அச்சடித்திருந்தார்கள்.
குவனாக்கோ என்று ஓரத்தில் எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள்.
"சத்திரப்பட்டில மொட்டை ஒட்டகம்னாத்தான் தெரியும்."

சர்க்கரைப் பாகு காய்ச்சினேன்.
உப்புத் தண்ணீருக்கு மசியாத கனத்த முட்டைகள் உண்டு,
பாகுக்குத்தான் மேலே வரும்.
டீ வடிகட்டியில் சாணத்தை வடித்து
கண்ணாடிச் சில்லில் ஊற்றிக் குனிந்தேன்.

முதலில் மத்தளம்.
இரு முனையிலும் அடைப்பு வைத்த பழுப்பு மத்தளம்,
சாட்டைப்புழுவுடையது.
அப்புறம் வெளிர் முட்டைகள்,
உள்ளே திராட்சைக் கொத்துப்போல் செல்கள்.
நத்தம் ரோட்டு ஆடுகளில் தினமும் பார்க்கிறவைதான்.
பக்கத்துப் பட்டியிலிருந்து மழைநீரோடு போயிருக்கும்.
இருபத்து மூன்று எண்ணினேன். ஐம்பதால் பெருக்க வேண்டும்.
ஒரு கிராமுக்கு ஆயிரத்து நூற்றைம்பது.

கடைசியில், ஓரமாக,
சுட்ட கத்தரிக்காய் போல் ஒன்று.
தடித்த தோல், கறுப்பு, மற்றதைவிடப் பெரிது.
இதை இந்த மேஜையில் நான் பார்த்ததே இல்லை.
இது நம்மூருடையது இல்லை.

சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.
மாந்தோப்புக்குள் விடுதி, ஆளுக்கு இருநூறு ரூபாய்,
செல்ஃபிக்குத் தனி.
கம்பி வலைக்குள் மூன்று குவனாக்கோக்கள்,
நாற்பது அடிக்கு முப்பது.
மூன்றும் ஏதோ பண்ணையில் பிறந்தவை, மலையைப் பார்த்ததில்லை.
பார்க்காத மலையிலிருந்து இரண்டைக் கொண்டுவந்திருந்தன:
அந்தக் கறுப்பு முட்டை,
ஒரே இடத்தில் போய்க் கழிக்கிற பழக்கம்.

"எங்க தெரு ஆளுகளவிட ஒழுங்கு" என்றாள்.
அங்கே அந்த ஒழுங்கு போதும்.
குவியலைச் சுற்றி முளைத்த புல்லில் வாய் வைக்காமல்
மேய்ந்துகொண்டே அடுத்த சரிவுக்குப் போய்விடலாம்.
இங்கே குவியலிலிருந்து தீவனத் தொட்டிக்கு
நான்கு எட்டு.

நாற்றம் என்று விருந்தினர் சொன்னதாக
மேனேஜர் சுத்தமாகக் கூட்டச் சொல்லியிருக்கிறார்.
கூட்டி, பினாயில் ஊற்றிக் கழுவியிருக்கிறாள்.
மறுநாள் மூன்றும் வெறும் மூலையை மோந்து மோந்து நின்றுவிட்டு
கண்ட இடத்தில், வைக்கோல்மேலும், போட்டிருக்கின்றன.
"வாசல மாத்தி வச்ச வீட்டுக்காரங்க மாதிரி முழிச்சுச்சுக, மேடம்."

குட்டியின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன்.
சிவப்புக் கொய்யாவாக இருக்க வேண்டியது
வெள்ளைக் கொய்யா.
பார்த்து முடிப்பதற்குள் துப்பியது, பச்சையாக,
காதோரம் வழிந்தது.
சுந்தரவல்லி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.
மருந்துப் புட்டியில் ஆட்டுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு.
இதற்கு எவ்வளவு என்று யாரும் அச்சடிக்கவில்லை.
டாக்டர் இன்பஜோதி நான்கு பேருக்குப் போன் போட்டு
ஐந்தாவது அளவு ஒன்றைச் சொன்னார்.

"மூலையைத் தொட்டியிலிருந்து தள்ளி வை.
தினமும் அள்ளு. முழுசா அள்ளாதே.
பாலுக்கு உறை விடுற மாதிரி
ஒரு கை மிச்சம் வை. தேடி வரும்."
தலையாட்டிவிட்டு அப்படியே நின்றாள்.
"அந்த ஒரு கையிலயும் புழு இருக்கும்ல?"

இருக்கும்.
ஒரு கை என்பது நூறு கிராமாவது வரும்.
பெருக்கிச் சொல்லவில்லை.

தை பிறந்ததும் அதே அல்வா டப்பா.
வெளிர் முட்டை நான்கு, மத்தளம் ஒன்று.
குறைந்திருக்கிறது என்றேன்.
சில்லை நகர்த்தினேன். ஓரத்தில்
சுட்ட கத்தரிக்காய், இப்போது இரண்டு.
பதிவேட்டில் இனம் என்ற கட்டத்தில்
யாரோ பென்சிலால் போட்டிருந்தார்கள்: மொட்டை ஒட்டகம்.
அழிக்காமல்
எண்ணை எழுதினேன்.